ஆண்டுக்கு மூன்று வரி போதும்: நீலகிரி ஆசிரியர்கள் கூடிப் படிக்க ஒரு வழிகாட்டி

பணியிடக் கலந்தாய்வில் பந்தலூரோ கீழ்கோத்தகிரியோ மஞ்சூரோ கிடைத்து மலையேறும் புதிய ஆசிரியருக்கு முதல் மாதம் பேருந்து நேரம் பிடிபடுவதிலும் மாணவர் விவரங்களை ஏற்றும் எமிஸ் இணையதளப் பதிவிலுமே போய்விடும். கல்வியின் தேசிய இலக்குகள், அரசமைப்பு விழுமியங்கள் என்பதெல்லாம் பி.எட். தேர்வோடு முடிந்த பாடமாகத் தோன்றும். ஆனால் வீட்டில் பணியர் மொழி பேசும் குழந்தையும் படுகு பேசும் குழந்தையும் மலையாளம் பேசும் குழந்தையும் எஸ்டேட் லயனிலிருந்து (தொழிலாளர் குடியிருப்பு வரிசை) வரும் குழந்தையும் ஒரே பாயில் உட்காரும் வகுப்பில், சமத்துவம் என்றால் என்ன, தாய்மொழி என்றால் எது என்ற கேள்விகள் தினமும் காலை ஒன்பது மணிக்கே வந்து நிற்கும். தனியாக விடை தேடினால் சோர்வுதான் மிஞ்சும். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் நான்கைந்து பேரோடு சேர்ந்து தேடலாம். அதற்கான வழிமுறை இது.

இதன் அடிப்படை விதி ஒன்றுதான். ஆவணம் முழுவதையும் படிக்காதீர்கள். ஒரு வரியை எடுங்கள். அந்த வரி உங்கள் பள்ளியில் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். ஒன்றை மாற்றுங்கள். ஆறு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். ஒரு வரிக்கு இரண்டு கூட்டம் என்று வைத்தால், ஆண்டுக்கு ஆறு கூட்டத்தில் மூன்று வரி முடியும். அது குறைவே அல்ல.

யார், எத்தனை பேர், எப்போது

ஐந்து முதல் எட்டுப் பேர் சரியான அளவு. நான்குக்குக் கீழே போனால் ஒருவர் விடுப்பு எடுத்தாலே கூட்டம் கலைந்துவிடும். பத்தைத் தாண்டினால் இருவர் பேச, மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருக்கும் பயிற்சி வகுப்பாகிவிடும். ஒரே பேருந்துத் தடத்தில் உள்ள மூன்று நான்கு பள்ளிகளைச் சேருங்கள். கூடலூர், தேவாலா, பந்தலூர், சேரம்பாடி ஒரு தடம். கோத்தகிரி, அரவேணு, கீழ்கோத்தகிரி இன்னொரு தடம். இடைநிலை ஆசிரியர், பட்டதாரி ஆசிரியர், பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி ஆசிரியர் என்று கலந்து இருக்கட்டும். அங்கன்வாடிப் பணியாளர் ஒருவரையாவது அழையுங்கள். குழந்தையின் வீட்டு மொழியை முதலில் கேட்பவர் அவர்தான்.

தலைமையாசிரியரிடம் வாய்வார்த்தையாகச் சொல்லி அனுமதி பெறுங்கள். வட்டாரக் கல்வி அலுவலருக்கு ஒரு பக்கக் கடிதம் கொடுத்துவிடுவது நல்லது. பள்ளி நேரத்தில் கூட வேண்டாம். ஈராசிரியர் பள்ளியிலிருந்து ஒருவர் கிளம்பினால் ஐந்து வகுப்புகளும் மற்றவர் தலையில் விழும், அத்துடன் அந்தப் பள்ளியின் ஆதரவும் போய்விடும். பள்ளி இல்லாத சனிக்கிழமை காலை 10.30 முதல் 12 மணி வரை என்பது இந்த மலைக்குப் பொருந்தும். மாலையில் வைத்தால் மூடுபனி, கடைசிப் பேருந்து, யானை நடமாட்டம் மூன்றும் சேர்ந்துகொள்ளும். மசினகுடி, தேவாலா பக்கம் கிளம்புமுன் ஊர்க்காரர்களிடம் பாதையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

மாதத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் புதியவர்கள் இடறுவார்கள். கூடலூர், பந்தலூர் பகுதியில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை கொட்டும். மழை விடுமுறையும் அதை ஈடுகட்டும் சனிக்கிழமை வகுப்புகளும் வரும். அங்கே செப்டம்பரில் தொடங்குவது நல்லது. கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழையில் மண்சரிவு வரும். அங்கே ஜூலையில் தொடங்கி, அந்த இரண்டு மாதம் விட்டு, ஜனவரியில் தொடரலாம்.

எதைப் படிப்பது

தேசிய இலக்கு என்று ஒரே புத்தகம் கிடையாது. மூன்று அடுக்காகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் குறையும்: அரசமைப்பு, சட்டம், கொள்கை.

அரசமைப்பில் முகப்புரையும் 51-ஏ பிரிவும் போதும். முகப்புரையின் நீதி, சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் ஆகிய நான்கும்தான் எல்லா ஆவணங்களுக்கும் வேர். 51-ஏ என்பது அடிப்படைக் கடமைகள். 1976-இல் 42-வது திருத்தம் பத்துக் கடமைகளைச் சேர்த்தது, 2002-இல் 86-வது திருத்தம் பதினொன்றாவதைச் சேர்த்தது. அறிவியல் மனப்பான்மை, காடு, நீர்நிலை, காட்டுயிர்ப் பாதுகாப்பு, பெண்களின் கண்ணியத்துக்கு இழுக்கான வழக்கங்களைக் கைவிடுதல் எல்லாம் இங்கே இருக்கின்றன. 1956-இல் சேர்ந்த 350-ஏ பிரிவையும் மலைப் பள்ளி ஆசிரியர் அறிந்திருக்க வேண்டும். மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழியில் கற்கும் வசதி செய்ய மாநிலங்கள் முயல வேண்டும் என்கிறது அது.

சட்டம் என்பது 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. இதில் 29-வது பிரிவின் இரண்டாம் உட்பிரிவை மட்டும் எடுங்கள். எட்டே கூறுகள்: அரசமைப்பு விழுமியங்களோடு பொருந்துதல், முழுமையான வளர்ச்சி, அறிவும் திறமையும் வளர்த்தல், உடல் மனத் திறன்கள், செய்து கண்டறிந்து கற்றல், இயன்றவரை தாய்மொழி வழி, அச்சமின்மையும் கருத்தைத் தயங்காமல் சொல்லும் உரிமையும், தொடர்ச்சியான மதிப்பீடு. வகுப்பறைக்கு இத்தனை நெருக்கமாக எழுதப்பட்ட தேசிய இலக்கு வேறில்லை என்பதே எங்கள் கருத்து. முதல் வரியை இதிலிருந்தே எடுங்கள்.

கொள்கை அடுக்கு நீளமானது. 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி குழு, அதையொட்டி 1968 கொள்கை, பிறகு 1986 கொள்கை, 1992-இல் அதன் திருத்தம், 2005 கலைத்திட்ட வடிவமைப்பு, 2020 தேசியக் கல்விக் கொள்கை. தமிழ்நாட்டில் 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையும் உண்டு. 1976 வரை கல்வி மாநிலப் பட்டியலில் இருந்தது, பிறகு மத்திய அரசும் மாநிலங்களும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியலுக்குப் போனது. மத்திய அரசின் கொள்கைக்கும் மாநிலத்தின் கொள்கைக்கும் இடையே மொழி, தேர்வு போன்றவற்றில் இருக்கும் உரசலைப் புரிந்துகொள்ள இந்த ஒரு செய்தி உதவும்.

உரசல் உள்ள இடத்திலேயே கூட்டத்தைத் தொடங்கினால் ஒன்றரை மணி நேரமும் அரசியலில் போய்விடும். அது முக்கியமில்லாத பேச்சு அல்ல, ஆனால் சங்கக் கூட்டத்தில் பேச வேண்டியது. இங்கே இரண்டு கொள்கைகளும் ஒத்துப்போகும் இடத்தைப் பிடியுங்கள்: தொடக்க வகுப்புகளிலேயே எழுத்தறிவும் எண்ணறிவும், குழந்தையின் மொழியிலிருந்து தொடங்குதல், மனப்பாடத்தைக் குறைத்தல். செய்ய வேண்டிய வேலை அங்கேயே நிறைய இருக்கிறது.

முகப்புரையும் 29(2)-உம் ஒரு தாளில், 51-ஏ இன்னொரு தாளில். ஆளுக்கு இரண்டு ஜெராக்ஸ், அவ்வளவுதான். நூறு பக்கப் பி.டி.எஃப்.-ஐ வாட்ஸ்அப்பில் அனுப்பினால் யாரும் திறப்பதில்லை.

ஒன்றரை மணி நேரத்தைப் பிரிப்பது

முதல் பத்து நிமிடம்: அன்றைய வரியை ஒருவர் சத்தமாக இரண்டு முறை வாசிக்க வேண்டும். யாரும் விளக்கம் சொல்லக் கூடாது. அடுத்த இருபது நிமிடம்: ஒவ்வொருவரும் தன் பள்ளியில் இந்த வரி நடக்கும் ஓர் இடத்தையும் நடக்காத ஓர் இடத்தையும் சொல்ல வேண்டும். "பொதுவா நம்ம பசங்க" என்று ஆரம்பிக்கும் பேச்சை ஒருங்கிணைப்பாளர் தயவாக நிறுத்தி, எந்த வகுப்பு, எந்தப் பாடவேளை என்று கேட்க வேண்டும். பிறகு நாற்பது நிமிடம் வேலை. வகுப்பில் மாற்றப்போகும் ஒரு செயலைச் சேர்ந்து வடிவமைப்பது, தேவையான அட்டவணையை அங்கேயே கோடு போட்டு வரைவது. அடுத்த பதினைந்து நிமிடத்தில் யார், எந்த வகுப்பில், எந்தத் தேதியிலிருந்து என்று முடிவாக வேண்டும். கடைசி ஐந்து நிமிடம் நோட்டில் எழுத.

ஒருங்கிணைப்பாளர் ஒவ்வொரு முறையும் மாறட்டும். மூத்தவரே எப்போதும் நடத்தினால் இளையவர்கள் தலையாட்டிக்கொண்டே இருந்துவிடுவார்கள். ஆசிரியர் பயிற்றுநர் வந்தால் வரவேற்று, அவரையும் ஒரு பள்ளி எடுத்துச் சொல்லச் சொல்லுங்கள். பார்வையிட வந்தவராக உட்காரவைத்தால் மற்றவர்கள் நடக்காததைச் சொல்ல மாட்டார்கள்.

முதல் வரி: தாய்மொழியும் அச்சமின்மையும்

29(2)-இல் தாய்மொழி வழிக் கற்றலையும் அச்சமின்மையையும் சேர்த்து முதலில் எடுக்கச் சொல்வோம். நீலகிரியில் இரண்டும் பிரிக்க முடியாதவை. தமிழ்நாட்டில் மிகவும் நலிவுற்றவையாக அறிவிக்கப்பட்ட தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு பழங்குடிச் சமூகங்களும் இந்த மாவட்டத்தில் இருக்கிறார்கள். இவர்களோடு படுகர், மலையாளம், கன்னடம் பேசுவோர், 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். சேர்க்கைப் படிவத்தின் தாய்மொழிக் கட்டத்தில் எல்லாருக்கும் "தமிழ்" என்றே இருந்தாலும் அதை நம்பிவிடாதீர்கள். "வீட்டுல பாட்டிகிட்ட எந்த மொழியில பேசுவே?" என்று ஒவ்வொரு குழந்தையிடமும் தனியாகக் கேட்டு எண்ணிக்கை எடுங்கள்.

அடுத்தது சொல் பட்டியல். முப்பது சொல் போதும், ஆனால் எந்த முப்பது என்பது முக்கியம். பூ, பறவை, வண்ணம் என்று தொடங்குவது வழக்கம், அது பிறகு வரட்டும். முதலில் குழந்தை பள்ளியில் தவிக்கும்போது வேண்டியவை: புரியவில்லை, பசிக்கிறது, வயிறு வலிக்கிறது, கழிப்பறைக்குப் போக வேண்டும், அவன் அடித்தான், அம்மா எங்கே, குளிருது, மறுபடி சொல்லுங்கள். இவற்றை ஆசிரியர் குழந்தையின் மொழியில் கேட்டுப் புரிந்துகொள்ள வேண்டும். ஒன்றாம் வகுப்பில் பேசாமலே உட்கார்ந்து, பிறகு வராமல் நின்றுவிடும் குழந்தைகளில் பலருக்குத் தடையாக இருப்பது இந்தச் சொற்கள்தான். அதன்பின் உடல் உறுப்பு, உணவு, தண்ணீர், வீட்டு விலங்கு, வா, எடு, உட்கார் போன்றவை.

சொல்லைத் தாய் தகப்பனிடமோ ஊர்ப் பெரியவரிடமோ கேளுங்கள், சம்மதத்தோடு போனில் ஒலிப்பதிவு செய்யுங்கள். தமிழ் எழுத்தில் மட்டும் எழுதிவைத்தால் தவறும். கூட்டெழுத்தோ கிரந்தமோ போட்டாலும் தோடர், கோத்தர் மொழி ஒலிகள் பல அதில் அடங்காது. கேட்ட ஒலியை நாலு முறை வாயால் சொல்லிப் பெரியவர் தலையசைத்த பிறகே வகுப்பில் பயன்படுத்துங்கள். தேயிலைப் பறிப்புக்குப் போகும் தாய்மார்கள் காலையில் கிடைக்க மாட்டார்கள். மாலையில் இலை எடை போட்ட பிறகு லயனிலோ பாடி எனும் குடியிருப்பிலோ போய்ப் பார்க்க வேண்டியிருக்கும்.

வகுப்பில் தினமும் முதல் பத்து நிமிடம் இந்தச் சொற்களுக்கு. "எங்கள் ஊர்" பாடம் வரும்போது ஹட்டி, மந்து, கோக்கால், பாடி, லயன் என்று அவரவர் ஊரை அழைக்கும் சொல்லைக் கரும்பலகையில் ஒரே அளவு எழுத்தில் வரிசையாக எழுதி, அதன்பின் பாடநூலின் சொல்லுக்கு வாருங்கள். "எண்ணும் எழுத்தும்" திட்டத்தின் செயல்பாடுகளில் படக்கதை சொல்லும் இடம் இதற்கு வசதி. முதலில் குழந்தை தன் மொழியில் சொல்லட்டும், பிறகு ஆசிரியர் தமிழில் சொல்லலாம்.

கெட்டுப்போகும் இடங்கள் இவை. மற்ற குழந்தைகள் சிரிப்பார்கள். அன்றே, அந்த நிமிடமே ஆசிரியர் அந்தச் சொல்லைத் தானும் சொல்லிப் பார்த்தால் சிரிப்பு அடங்கும், திட்டினால் அடங்காது. தமிழ் தெரிந்த ஒரே பணியர் சிறுமியை எப்போதும் மொழிபெயர்க்கச் சொன்னால் அவள் படிப்பு கெடும். ஆண்டு விழாவில் பழங்குடி உடை மாட்டி ஆடவைப்பதோடு தாய்மொழிக் கடமை முடிந்ததாக எண்ணுவது மிகப் பரவலான பிழை. "இயன்றவரை" என்று சட்டத்தில் இருக்கும் சொல்லைத் தப்பிக்கும் வழியாக்குவது இன்னொன்று. உங்கள் பள்ளியில் இயன்றது எவ்வளவு என்று குழுவே நோட்டில் எழுதிவையுங்கள்.

இரண்டாம் கூட்டத்துக்கு ஒரே ஓர் எண்ணிக்கையைக் கொண்டுவாருங்கள்: ஆறு வாரத்துக்கு முன்பு கேட்காமலே வாய் திறந்து பேசிய குழந்தைகள் எத்தனை பேர், இப்போது எத்தனை பேர்.

இரண்டாம் வரி: சமத்துவம்

சமத்துவம் பற்றிக் கட்டுரைப் போட்டி வைக்காதீர்கள். பள்ளியின் வேலைப் பட்டியலை இரண்டு வாரம் எழுதுங்கள். வகுப்பறையைப் பெருக்குவது யார், தண்ணீர் எடுப்பது யார், காலை வழிபாட்டில் உறுதிமொழி சொல்வது யார், விருந்தினருக்கு மலர் கொடுப்பது யார். நாள்வாரியாகப் பெயர் போட்டால் போதும். பெருக்குவது பெண் குழந்தைகளாகவும் மேடையேறுவது ஒரே நாலு பேராகவும் இருந்தால் தாளே சொல்லிவிடும்.

கூடவே இருக்கை வரைபடம். ஒரு தாளில் குழந்தைகள் உட்காரும் கட்டங்களை வரைந்து மேசையில் வையுங்கள். இருபது நிமிடம் பாடம் நடத்தும்போது நீங்கள் கேள்வி கேட்ட ஒவ்வொரு குழந்தையின் கட்டத்திலும் ஒரு புள்ளி. ஈராசிரியர் பள்ளியில் பின்னால் உட்கார்ந்து குறிக்க ஆள் இருக்காது என்பதால் ஆசிரியரே வைக்கலாம். சில விட்டுப்போகும், போக்கு தெரிந்துவிடும். மூன்று வெவ்வேறு நாள் எடுங்கள். முதல் நாள் நாமே கவனமாகி எல்லாரையும் கேட்டுவிடுவோம் என்பதால் அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

மாற்றம் எளியது: வேலைகள் வருகைப் பதிவு வரிசைப்படி, வாரத்துக்கு ஒருமுறை சுழலட்டும். பட்டியல் சுவரில் இருந்தும் பெரிய பையன்கள் துடைப்பத்தைத் தொடாமல் நழுவுவார்கள், வெள்ளிக்கிழமைதோறும் சரிபார்க்க வேண்டும். கழிப்பறையைக் கழுவுவது எந்தக் குழந்தையின் வேலையும் அல்ல. அது சுழற்சியிலேயே வரக் கூடாது.

இந்த வரியில் ஒரு செய்தியை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். உதவித்தொகைப் படிவம் நிரப்பும்போது சாதிப் பிரிவை வகுப்பில் உரக்கப் படிப்பதும் "எஸ்.டி. பசங்க எல்லாம் எழுந்து நில்லுங்க" என்பதும் ஒரு நிமிட வசதிக்காக நடப்பவை. எழுந்து நிற்கும் குழந்தைக்கு அது நெடுநாள் மறக்காது. படிவத்தைப் பெற்றோரிடமோ, தனியாக அழைத்தோ நிரப்பலாம். "லயன் பசங்க", "ஹாஸ்டல் பசங்க" என்ற அழைப்பும் அப்படித்தான். முகப்புரை சகோதரத்துவத்தைச் சொல்லும்போது கூடவே தனிமனித கண்ணியத்தையும் சொல்கிறது.

மூன்றாம் வரி: அறிவியல் மனப்பான்மை

51-ஏ பிரிவின் இந்தக் கடமைக்கு மலையில் கிடைக்கும் நல்ல பாடம் மழை. கூடலூர்ப் பக்கக் குழுவும் கோத்தகிரிப் பக்கக் குழுவும் இணைந்து செய்தால் சிறப்பு. ஒரே வாரத்தில் அங்கே கொட்டுவதும் இங்கே தூறுவதும் ஏன் என்ற கேள்வியைக் குழந்தைகளே கேட்பார்கள்.

கருவிக்குச் செலவில்லை. அடியிலிருந்து வாய் வரை ஒரே அகலமுள்ள, தட்டையான அடியுள்ள எவர்சில்வர் டப்பா ஒன்று. சுவர் நேராக இருந்தால் உள்ளே நிற்கும் நீரின் உயரமே மில்லிமீட்டரில் மழையளவு, வாயின் அகலம் எதுவானாலும் பரவாயில்லை. மேலே விரிந்த டம்ளர் கூடாது, அளவு தப்பும். கூரைச் சொட்டும் மரச் சொட்டும் விழாத திறந்தவெளியில், காற்றில் சாயாதபடி மூன்று கற்களுக்கு நடுவே வையுங்கள். தினமும் ஒரே நேரத்தில், காலை 9.30-க்கு அளந்து நீரைக் கொட்டிவிட வேண்டும். பல அளவுகோல்களில் பூச்சியம் விளிம்பிலிருந்து சற்றுத் தள்ளித் தொடங்கும். அந்த இடைவெளியை அளந்து ஒவ்வொரு முறையும் கூட்டுங்கள். திங்கட்கிழமை அளவு மூன்று நாளின் மொத்தம். அதை மூன்றால் வகுத்துச் சனி, ஞாயிறுக்கு எழுத விடாதீர்கள். பார்க்காததைப் பார்த்ததாக எழுதக் கூடாது என்பதைக் குழந்தை கற்கும் இடம் அதுதான். டப்பா கவிழ்ந்த நாளுக்கு "கவிழ்ந்தது" என்றே எழுதட்டும்.

நான்கு வாரத் தரவு இருந்தால் ஐந்தாம் வகுப்புக்குப் பட்டை வரைபடம், எட்டாம் வகுப்புக்குச் சராசரி, சமூக அறிவியலுக்கு மழைமறைவுப் பகுதி என்று மூன்று பாடங்கள் தேறும்.

நோட்டு

குழுவுக்கு ஒரு 200 பக்க நோட்டு. கூட்டத்துக்கு ஒரு பக்கம், நான்கு பத்தி: எடுத்த வரி, பள்ளியில் கண்டது, மாற்றியது, ஆறு வாரத்தில் ஆனது. குழந்தையின் பெயர் எங்கேயும் வேண்டாம், வகுப்பும் எண்ணிக்கையும் போதும். போட்டோ எடுப்பதை முதல் ஆண்டு தவிர்ப்பது நல்லது. படம் எடுக்கத் தொடங்கினால் படத்துக்கான வேலை கூடி, வகுப்பு வேலை பின்னுக்குப் போகும். ஒரு வரி முடிந்ததும் அதன் பக்கத்தைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் படித்துக்காட்டுங்கள். அதில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்பது சட்டம். சொல் பட்டியலில் பிழை இருந்தால் அவர்கள்தான் திருத்துவார்கள்.

நோட்டு பள்ளி பீரோவில் இருக்கட்டும், ஆசிரியரின் பையில் வேண்டாம். இந்த மாவட்டத்தில் இடமாறுதல் கேட்காதவர் குறைவு. கலந்தாய்வு முடிந்து ஆள் மாறும்போது பொறுப்பு ஒப்படைக்கும் பட்டியலில் இந்த நோட்டையும் ஒரு வரியாகச் சேருங்கள். ஒலிப்பதிவுகளைப் பள்ளியின் கணினியிலும் ஒரு பென்டிரைவிலும் ஏற்றி, எந்த ஊர், எந்த மொழி, எந்த மாதம் என்று கோப்பின் பெயரிலேயே எழுதிவிட்டுக் கிளம்புங்கள். போகும் ஆசிரியரின் போனோடு அவையும் மலையிறங்கிவிட்டால், அடுத்து வருபவர் "வயிறு வலிக்கிறது" என்பதிலிருந்து மறுபடி கேட்டுத் தொடங்க வேண்டியிருக்கும்.